மொடல் ரயில் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: எஞ்சினுக்கு முதல் பெட்டிகளை யோசியுங்கள்

மொடல் ரயில் பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதற் கேள்வி, "எந்த எஞ்சின் வாங்கலாம்?" என்பதுதான். எஞ்சின் கண்ணைப் பறிக்கும் சாமான், கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு தொடங்கியவர்களின் கண்ணாடி அலுமாரியைப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்து நீராவி எஞ்சின் ஒன்று, அமெரிக்க டீசல் ஒன்று, ஜப்பான் புல்லட் ரயிலின் முன்பெட்டி ஒன்று என்று இருக்கும். ஒன்றின் கொளுக்கி மற்றதில் மாட்டாது, சிலவற்றுக்குத் தண்டவாளமே வேறு. அலுமாரி நிறைந்திருக்கும், ஓட்டுவதற்கு ஒரு ரயில் இருக்காது.

ஆகவே எஞ்சின்களின் பெயர்கள் கொஞ்சம் தள்ளித்தான் வரும். உங்கள் மேசையில் எந்த ரயில் ஓட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்கிறவர்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு: உப்புக் காற்று, 230 வோல்ட் கரண்ட், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பார்சல். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மேசையை அளந்துவிட்டு வாருங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவுத்திட்டம். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். பிரித்தானியர் அதே தண்டவாளத்தின் மேல் 76இல் ஒரு பங்கு உடலை ஏற்றி, அதை ஓ.ஓ. என்கிறார்கள். அவர்களுடைய எஞ்சின்கள் உண்மையிலேயே சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை, அதனால் உடலை மட்டும் பெருப்பித்தார்கள். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். பக்கத்தில் வைத்தால் ஓ.ஓ. பெட்டி கொஞ்சம் பருமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது என் அளவு (ஆங்கில எழுத்து N). தண்டவாளம் 9 மில்லிமீற்றர். உடல் பெரும்பாலான நாடுகளில் 160இல் ஒரு பங்கு, ஜப்பானில் 150, பிரித்தானியாவில் 148. இதைவிடச் சிறிய இசட், பெரிய ஓ, தோட்டத்தில் ஓடவிடும் ஜி ஆகியவையும் உண்டு. புதியவர்கள் அவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம். இசட்டில் ஒரு தூசித் துணிக்கை எஞ்சினை நிறுத்திவிடும். ஓவும் ஜியும் காசையும் இடத்தையும் விழுங்கும்.

இனி இடக் கணக்கு. பிரித்தானிய ஹோர்ன்பி கம்பனியின் இரண்டாம் அளவு வளைவுத் தண்டவாளத்துக்கு ஆரை 438 மில்லிமீற்றர். ஒரு முழு வட்டம் 876 மில்லிமீற்றர் எடுக்கும். வளைவில் பெட்டிகளின் மூலைகள் வெளியே தள்ளும், விழாமல் இருக்க ஓரமும் விட வேண்டும். 3 அடிப் பலகை மட்டுமட்டு. 4 அடி என்றால் நிம்மதி. கடையில் கிடைக்கும் 8க்கு 4 அடி பிளைவூட் ஒன்று எச்.ஓ.வுக்கும் ஓ.ஓ.வுக்கும் போதுமான தொடக்கம். என் அளவில் காட்டோ கம்பனியின் 249 மில்லிமீற்றர் ஆரை வட்டம் 2 அடி அகலத்துக்குள் அடங்கிவிடும், ஓட்டி முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

தனி அறை இல்லாதவர்களுக்கு என் அளவைத்தான் நான் சொல்வேன். கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியவர்களும், எஞ்சினைக் கழற்றித் தாங்களே பழுது பார்க்க ஆசைப்படுகிறவர்களும் எச்.ஓ. அல்லது ஓ.ஓ. பக்கம் போகலாம். எதை எடுத்தாலும் ஒன்றை எடுத்து அதோடு நில்லுங்கள்.

மேசையை எங்கே போடுவது என்று கேட்டால், விறாந்தையில் மட்டும் வேண்டாம். டச்சுக்குடாப் பக்கமோ உப்புவெளியிலோ கடலுக்குக் கிட்ட வீடு என்றால், காற்றோட்டமான விறாந்தைதான் தண்டவாளத்துக்கு மிக மோசமான இடம். கடலைப் பார்க்காத உள்ளறை, தரையில் நேரே படாமல் ஏதாவதொன்றின் மேல் வைத்த கால்கள், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி. சுவரோடு ஒட்டிவைத்தால் கறையான் ஏறுவது தெரியாது.

எந்த ரயில் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த நாடு, எந்தக் காலம், பயணிகள் ரயிலா சரக்கு ரயிலா, எத்தனை பெட்டி. "1930கள், இங்கிலாந்து, கடுகதி ரயில், நான்கு பெட்டி" என்று எழுதிவிட்டால் எஞ்சின் தேர்வு பாதி முடிந்துவிட்டது. "1950கள், அமெரிக்கா, சரக்கு, எட்டு வண்டி" என்றாலும் அப்படித்தான். தாளில் எழுதியதோடு சேராத எதுவும், எவ்வளவு மலிவாக வந்தாலும், முதல் வருடத்தில் வேண்டாம்.

பெட்டிகளின் எண்ணிக்கையை மேசை தீர்மானிக்கும். 8 அடிப் பலகையில் எச்.ஓ. அளவில் நீளமான பயணிகள் பெட்டி நாலைந்துக்கு மேல் மாட்டினால், ரயில் தன் வாலையே துரத்துவதாகத் தெரியும். சரக்கு வண்டிகள் குட்டையானவை, அதே இடத்தில் இரண்டு மடங்கு போடலாம். சிறிய மேசைக்குச் சரக்கு ரயில்தான் வடிவு. வண்டிகளைக் கழற்றி மாட்டிப் பக்கப் பாதையில் தள்ளிவிடும் வேலை இருப்பதால், வட்டத்தில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட நேரமும் நன்றாகப் போகும்.

நம்மவர்கள் பலருக்கு மனதில் இருப்பது நம்முடைய ரயில்தான். கல்லோயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறந்தது. இரவு மெயிலின் பயணிகள் பெட்டிகளும், சீனன்குடா மா ஆலையிலிருந்து மா ஏற்றிப்போன மூடிய வண்டிகளும் மேசையில் ஓடினால் அதைப்போல வராது. ஆனால் இலங்கை ரயில் செட் பெட்டியில் போட்டு விற்பனைக்கு வருவதில்லை. கையால் செய்துதான் சேர்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, கடைசிப் பகுதியில் வருகிறேன். முதல் ரயிலாக அதைத் தொடாதீர்கள். ஓடும் எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைக்குத்தான் அது சரிவரும்.

சேகரிப்பவர்கள் விரும்பும் எஞ்சின்கள்

பிரித்தானியப் பக்கம் இரண்டு பெயர்கள் எப்போதும் மேலே இருக்கும்: ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன், மல்லார்ட். இரண்டும் நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, டொன்காஸ்டரில் கட்டியவை. முதலாவது 1923இல் வந்தது. இரண்டாவது 1938 ஜூலை 3ஆம் திகதி மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனை இன்னமும் அதனிடமே இருக்கிறது. ஹோர்ன்பி இரண்டையும் பல பதிப்புகளில் விற்றிருக்கிறது. அழகுதான். ஆனால் வெளியே தெரியும் இணைப்புத் தண்டுகள், மெல்லிய கைப்பிடிக் கம்பிகள் என்று கை பட்டால் கழரும் பாகங்கள் நிறைய. முதல் எஞ்சினாக எனக்கு இவை பிடிக்காது. அவற்றுக்குப் பதிலாக பன்னியர் டாங்க் என்ற குட்டை எஞ்சினைப் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகையில் உண்மையிலேயே 863 கட்டினார்கள், எந்தச் சரக்கு வண்டியின் முன்னாலும் பொருந்தும், சிறிய வளைவிலும் திரும்பும், பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

அமெரிக்கப் பக்கம் பெயர் சொன்னாலே விலை ஏறும் எஞ்சின் பிக் போய். 1941 முதல் 1944 வரை 25 மட்டுமே கட்டினார்கள். அதில் 4014 என்ற எண்ணுடையதை யூனியன் பசிபிக் கம்பனி 2019இல் திரும்பவும் ஓடவைத்தது. எஞ்சினும் நிலக்கரி வண்டியும் சேர்ந்து 40 மீற்றர் நீளம். எச்.ஓ. அளவில்கூட ஒன்றரை அடி வரும். மொடலை வளைவில் திரும்பும்படி செய்திருப்பார்கள், ஆனால் வளைவின் நடுவில் கொதிகலனின் முகம் தண்டவாளத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெரிய மேசை இல்லாதவர் வாங்கினால் அது அலுமாரிச் சாமான்.

டீசலில் எஃப்7. சாண்டா ஃபே கம்பனியின் சிவப்பும் வெள்ளியும் பூசிய அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதற்குச் சற்று முந்திய எஃப்3ஐ லயனல் கம்பனி 1948இல் அதே நிறத்தில் ஓ அளவில் விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு மொடல் ரயில் என்றாலே அந்த நிறம்தான். புதியவர்களுக்கு எஃப்7ஐ நான் மனதாரச் சொல்வேன். ஜி.பி.7, ஜி.பி.9 போன்ற நான்கு அச்சு டீசல்களும் அப்படியே. எட்டுச் சக்கரங்களிலும் கரண்ட் எடுக்கும், எல்லா அச்சும் தள்ளும், உள்ளே இரும்புப் பாரம் இருக்கும், தண்டவாளம் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் நிற்காது. மேல்மூடியைக் கழற்றினால் மோட்டார், தண்டு, பற்சக்கரப் பெட்டி எல்லாம் வரிசையாகத் தெரியும், படிப்பதற்கு நல்லது.

ஜேர்மன் மார்க்லின் கம்பனியின் புகழ்பெற்ற மொடல் "முதலை". சுவிற்சர்லாந்தின் கோத்தார்ட் மலைப் பாதையில் ஓடிய நீண்ட மூக்கு மின்சார எஞ்சின் அது. 1947இலிருந்து அதன் எச்.ஓ. மொடல் இருக்கிறது. சேகரிப்பவர்கள் இதற்காகச் சண்டை பிடிப்பார்கள். ஆனால் மார்க்லின் எச்.ஓ. நடுவில் குமிழ் வைத்த மூன்று கடத்திப் பாதையில் மாற்றோட்டத்தில் ஓடுவது. அதன் சக்கரங்கள் ஒன்றையொன்று மின் ரீதியாகப் பிரித்தவை அல்ல. சாதாரண இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்த கணத்திலேயே ஷோர்ட் ஆகும். வாங்கினால் பாதை, கட்டுப்படுத்தி (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), பெட்டி எல்லாவற்றையும் அந்த வழியிலேயே வாங்க வேண்டும்.

ஜப்பான் எஞ்சின்கள் என் அளவில்தான் பிரபலம். டி51 நீராவி எஞ்சினும், 1964இல் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கன்சனும் அங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கும் வகை. காட்டோவும் டோமிக்ஸும் செய்பவை பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததும் மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும். விலைக்கும் தரத்துக்கும் இதைவிடப் பொருத்தம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பெட்டிகள்: மலிவான பக்கம், சுவையான பக்கம்

எஞ்சின் ஒன்றின் காசில் நாலைந்து சரக்கு வண்டிகள் வாங்கலாம். அதனால்தான் பலர் கடைசியில் வண்டி சேர்ப்பவர்களாகிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் சுரங்கக் கம்பனிகளும் நிலக்கரி வியாபாரிகளும் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்த மரப் பலகை வண்டிகள் உண்டு. ஊருக்கொரு பெயர், நிறத்துக்கொரு வண்டி என்று முடிவில்லாமல் சேர்க்கலாம். ஜேர்மனியில் மதுக் கம்பனிகளின் பெயர் எழுதிய வெள்ளைக் குளிர்வண்டிகளுக்கு அப்படியொரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 40 அடி மூடு வண்டிகள். சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை போட்ட மெய்ன் மாநில வண்டி பலருடைய சேகரிப்பில் இருக்கும். சரக்கு ரயிலின் வாலில் கபூஸ் என்ற கார்ட் வண்டியை மறக்காதீர்கள். 1980களில் அமெரிக்கப் பாதைகளிலிருந்து அது மறையத் தொடங்கியது. அதனால் கபூஸ் மாட்டிய ரயிலைப் பார்த்ததுமே எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். பயணிகள் பக்கம், மேசை விளக்கு எரியும் ஹோர்ன்பியின் புல்மன் பெட்டிகளை அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்டி வாங்கியதும் முதலில் நிறுத்துப் பாருங்கள். தண்டவாளம் தாவுவதற்குப் பாதி நேரம் காரணம் பாரம் போதாமைதான். எச்.ஓ.வுக்கு அமெரிக்க மொடல் ரயில் சங்கம் பரிந்துரைக்கும் கணக்கு: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல வண்டி என்றால் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். மலிவு வண்டிகள் இதில் பாதிதான் இருக்கும். பாரம் ஏற்ற இங்கே வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் ஈயக்குண்டு கிடைக்கும். தட்டித் தட்டையாக்கி வண்டியின் அடிப்பக்கம், இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கும் நடுவில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம். ஈயத்தோடு சேர்ந்தால் மாதங்கள் போக அது உப்பி, வண்டியின் பக்கச் சுவரைப் பிளந்துவிடும். எப்பொக்சி போடுங்கள். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்பால் கழுவ வேண்டும், பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

அப்புறம் சக்கரம். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை வாரி எடுத்துத் தண்டவாளம் முழுவதும் பூசும். முடிந்தபோதெல்லாம் உலோகச் சக்கரத்துக்கு மாறுங்கள். கொளுக்கி விஷயத்திலும் ஒரு முடிவு தேவை. பிரித்தானிய ஓ.ஓ.வில் அகலமான வளையக் கொளுக்கி, அமெரிக்க எச்.ஓ.வில் விரல் மடக்கிய மாதிரிக் கேடி வகை, என் அளவில் பெட்டி வடிவ ரப்பிடோ வகை. ஒன்றோடொன்று மாட்டாது. புதிய ஐரோப்பிய மொடல்களில் கொளுக்கியைச் சொருகிக் கழற்றும் என்.இ.எம். குழி இருக்கும், மாற்றுவது சுலபம். குழி இல்லாத பழைய வண்டியை வாங்கும்முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

வாங்குவது

இங்கே கடைத்தெருவில் கிடைப்பவை பற்றரி விளையாட்டு ரயில்கள்தான். சேகரிப்புக்கான சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏலத் தளத்தில் வாங்கித் தபாலில் எடுக்கலாம். அப்படியானால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துத்தான் விலை கேளுங்கள், வரி வீதத்தை வாங்கும் மாதத்தில் விசாரியுங்கள். அல்லது கோயில் திருவிழாவுக்கு வரும் லண்டன் சித்தப்பாவிடமோ ஸ்காபரோ மச்சானிடமோ சொல்லிவைக்கலாம். இந்த வழியில் வருவதுதான் நொருங்காமல் வந்து சேர்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: எஞ்சினைக் கைப்பையில் கொண்டுவாருங்கள், பெரிய சூட்கேசில் போடாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் கவனம். மச்சான் கனடாவில் வாங்கிய செட்டோடு வரும் கட்டுப்படுத்தி பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. ஜப்பான் செட் என்றால் 100 வோல்ட். நமது சொக்கட்டில் 230. பிளக்கை மாற்றும் சிறிய அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. சொருகினால் புகைதான். கட்டுப்படுத்தியின் அடியில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். அதைவிட நல்லது, கட்டுப்படுத்தியை மட்டும் இங்கிலாந்திலிருந்து எடுப்பிப்பது. அங்கேயும் 230 வோல்ட்தான், மூன்று கால் பிளக்கும் சரிவரும்.

சாதாரண 12 வோல்ட் நேரோட்டமா, டி.சி.சி.யா என்ற விவாதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். டி.சி.சி.யில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் உள்ளே ஒரு சிறிய சில்லு, தனி இலக்கம். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டலாம், சத்தமும் வரும். ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது அவசரமில்லை. ஆனால் எஞ்சின் வாங்கும்போது பின்னால் சில்லு பொருத்துவதற்கான சொக்கட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய எஞ்சினுக்கு விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மெதுவாக ஓடும் வீடியோ: வேகமாக ஓட எதுவும் ஓடும், ஊர்ந்து போகும்போதுதான் குறை தெரியும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் "டிக்" என்று நொண்டினால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் வெடித்திருக்கிறது. அடிப்பக்கப் படம்: சக்கரத்தின் பூச்சு தேய்ந்து மஞ்சள் பித்தளை தெரிகிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா. மேலிருந்து ஒரு படம்: கைப்பிடி, படி, ஹோர்ன் எல்லாம் இருக்கிறதா. மிகப் பழைய எஞ்சின் என்றால் உலோக வார்ப்பில் மயிரளவு வெடிப்புகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்திருந்தால் அது உள்ளிருந்தே உப்பி நொருங்கிப்போகும், அதற்கு மருந்து கிடையாது.

"லிமிட்டட் எடிஷன்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். இப்போது செய்யப்படுபவற்றில் மிகச் சிலவே பின்னால் விலை ஏறுகின்றன. வங்கிக்குப் போக வேண்டிய காசை இதில் போடாதீர்கள். மூலப் பெட்டியை மட்டும் பத்திரமாக வையுங்கள், திரும்ப விற்கும்போது அதற்குத் தனி மதிப்பு.

முதல் ஓட்டமும் உப்புக் காற்றும்

புதிய எஞ்சினை எடுத்தவுடன் பெட்டிகளை மாட்டாதீர்கள். தனியாக, நடுத்தர வேகத்தில், அரை மணி முன்னோக்கியும் அரை மணி பின்னோக்கியும் ஓடவிடுங்கள். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்ததென்றால், ஓட்டும்முன் பழைய கிறீஸ் இறுகிப்போயிருக்கிறதா பாருங்கள். எண்ணெய் போடுவதானால் பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெய், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெயைக் கண்டபடி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது தண்டவாளத்துக்கு இறங்கி எல்லாச் சக்கரத்திலும் பூசுப்படும்.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உருக்குத் தண்டவாளம் இந்த ஊரில் ஒரு மாரியைத் தாண்டாது. பித்தளை ஓடும், ஆனால் துடைத்துத் துடைத்தே ஆயுள் போய்விடும். ஐப்பசியில் தொடங்கி வாடைக்காற்று மழையோடு அடிக்கும் மாதங்களில் ஒவ்வொரு முறையும் ஓட்டும்முன் துடைக்க வேண்டியிருக்கும். பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் வாங்கி, பஞ்சு உதிராத பழைய பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். மணல்தாள் தொடவே வேண்டாம், கீறலில் அழுக்குக் குடியேறும். கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் சிக்கல் புழுதி. ஓட்டாத நேரம் மேசையை மெல்லிய துணியால் மூடினால் போதும்.

அலுமாரியில் வைப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூலையில் போட்டு, மாதத்துக்கொரு முறை காயவைத்துத் திரும்ப வையுங்கள். பூச்சி உருண்டை போடவே கூடாது. சேலை அலுமாரிக்கு நல்லது, பொலிஸ்டைரீன் பெட்டிக்கு நஞ்சு. அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பழைய மூலப் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு நுரை பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டத் தொடங்கியிருந்தால், நுரையை எறிந்துவிட்டு அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றுங்கள். ஜன்னல் வெயில் படும் இடத்தில் சிவப்பு நிறம் முதலில் வெளுக்கும்.

காட்சி அமைக்க ரெஜிபோம் மலை, தும்புச் செடி எல்லாம் உங்கள் கற்பனை. ஒன்றே ஒன்று: தண்டவாளத்துக்கு இடையில் போட நிலாவெளிக் கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள். உப்பு ஒரு பக்கம். அதைவிட, புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் கரை மணலிலும் கறுப்புத் துணிக்கைகள் கலந்திருக்கும். பலமான காந்தத்தைக் கிட்டப் பிடித்தால் ஒட்டும். எஞ்சின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஆற்று மணலை அரித்து, கழுவி, காயவைத்து, காந்தம் ஓட்டிய பிறகு போடுங்கள்.

எம்2 வேண்டும் என்றால்

கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின்கள் இன்னமும் நம் பாதைகளில் ஓடுகின்றன. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று கனடா மாகாணங்களின் பெயர்கள் பலவற்றுக்கு. பின்னால் வந்ததொன்றுக்குக் காங்கேசந்துறை என்று பெயர். ஜெனரல் மோட்டர்ஸின் ஜி12 என்ற ஏற்றுமதி வகை இது. பல நாடுகளுக்குப் போன வகை என்பதால் நமக்கு ஒரு அதிர்ஷ்டம்: பிரேசிலின் ஃபிராடெஸ்கி கம்பனி எச்.ஓ. அளவில் ஜி12 மொடல் செய்திருக்கிறது. எம்6 வகைக்குக் கிட்டிய ஜி22உம் அவர்களிடம் வந்திருக்கிறது. பிரேசில் ரயில் நிறத்தில் வரும் அதை வாங்கி, பெயின்டைக் கழற்றி, நம் நிறம் பூசுவதுதான் மிகக் குறுகிய வழி.

வாங்கும்முன் சக்கரங்களை எண்ணுங்கள். எம்2இன் ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று அச்சுகள், நடு அச்சு தள்ளாது. மொன்றியல், வன்கூவர் என்ற பெயருள்ள எம்2சி வகைக்கு மட்டும் இரண்டு அச்சுகள். நான்கு அச்சு மொடல் கையில் வந்தால் அதை எம்2சி ஆக்குவது எளிது. தொகுதியின் பக்கச் சட்டத்தை மாற்றத் தேவையில்லை.

தண்டவாள அகலம் பொருந்தாது. நமது பாதை 1,676 மில்லிமீற்றர். எச்.ஓ. அளவில் அது 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வர வேண்டும், நம்மிடம் இருப்பது 16.5. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நேரே முகத்தைப் பார்த்தால் கால் ஒடுங்கியதுபோல இருக்கும். 19 மில்லிமீற்றர் பாதையைக் கையால் போட்டு, ஒவ்வொரு அச்சையும் மாற்றுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். புதியவர்கள் 16.5இலேயே இருங்கள்.

அளவும் படமும் எடுக்கக் கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகம் நல்ல இடம். எஞ்சினைச் சுற்றி வந்து ஆறுதலாகப் பார்க்கலாம். திருகோணமலை நிலையத்தில் படம் எடுப்பதானால் முதலில் நிலைய அதிபரிடம் கேளுங்கள், கமராவைத் துறைமுகத்துக் கடற்படைப் பக்கம் திருப்பாதீர்கள். நிறம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் ஒரு எஞ்சின் இலக்கத்தையும் ஒரு வருடத்தையும் தெரிவுசெய்து, அந்த வருடத்துப் படத்தை மட்டும் முன்னால் வைத்துப் பூசுங்கள். பெயர்ப்பலகையை நகரத்து அச்சகத்தில் மெல்லிய ஸ்டிக்கரில் அச்சடித்து வெட்டி ஒட்டலாம். எச்.ஓ. அளவில் அதன் எழுத்து ஒரு மில்லிமீற்றரும் வராது, மூன்று மொழிகளில் எழுதியிருப்பது தெரிந்தாலே போதும்.